ஊர்ப் பெயரில் ஒரு கால்

அக்கா மகன் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம். போன ஆவணியில் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்குப் போன் போட்டான். "மாமா, நம்ம ஊர் பேர்ல ஒரு வியாதி இருக்கு, தெரியுமா?" மல்லி, சுங்குடி, ஜிகர்தண்டா என்று ஊர்ப் பெருமை பேசியே அவனைச் சின்ன வயதிலிருந்து அறுத்திருக்கிறேன். பழிவாங்குகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நிமிடம் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினான். தலைப்பில் 'மதுரா ஃபுட்' என்று இருந்தது, மதுரைக் கால். கீழே ஒரு பாதம். பாதம் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. சேனைக்கிழங்கு போல உப்பி, மேலெல்லாம் புற்றில் இருப்பதுபோலச் சின்னச் சின்ன வாய்கள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் தாத்தாவின் வலது காலை நான் பார்த்ததாக நினைவில்லை. எனக்கு மூன்று வயது நடக்கும்போதே, 1979இல், அதை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வேட்டியை மடித்துச் செருகிய இடமும், திண்ணையில் சாத்தி வைத்த ஊன்றுகட்டையும்தான். ஆனால் அந்தக் கால் எப்படி இருந்தது என்று அப்பத்தா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது அத்தனையும் அந்தப் படத்தில் இருந்தது.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் நடுவில். கரிசல் காடு. பருத்தி, சோளம், மழை ஒத்துழைத்தால் கொத்தமல்லி. கரிசலைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மழை பெய்த கரிசலில் செருப்போடு நடக்க முடியாது. பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு செருப்பிலும் ரெண்டு கிலோ மண் ஏறிக்கொள்ளும். அதனால் வரப்பில் கழற்றி வைத்துவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். தாத்தாவிடம் ஒரு ஜோடி டயர் செருப்பு இருந்ததாம். அது டவுனுக்குப் போக.

முள் எப்போது குத்தியது என்று யாருக்கும் தெரியாது. முள் குத்துவதையெல்லாம் கணக்கு வைத்துக்கொள்கிற ஊரில்லை அது. ஊக்கால் நோண்டி எடுப்பார்கள், வரவில்லையென்றால் எருக்கம்பாலை வைப்பார்கள், அப்புறம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குதிகாலுக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலிக்கவில்லை. இந்த நோயின் சூதே அங்கேதான் இருக்கிறது. வலித்திருந்தால் முதல் வருடமே யாரிடமாவது காட்டியிருப்பார். வலிக்காத கட்டியோடு அவர் ஆறு வருடம் ஏர் ஓட்டினார். அதற்குள் கட்டி உடைந்து, ஆறி, பக்கத்தில் இன்னொன்று உடைந்து, பாதம் முழுக்க வாய் வைத்துவிட்டது.

வீட்டில் அதை ஆனைக்கால் என்றார்கள். ஒரு டாக்டரும் ஆனைக்கால் என்றே சொல்லி மாத்திரை கொடுத்தார். ஆனைக்கால் கொசு கொண்டுவருகிற புழுவால் வருவது. அதில் கால் வீங்கும். இப்படித் துளை துளையாக உடைந்து உள்ளிருந்து மணி மணியாகக் கொட்டாது. கடைசியில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, எலும்புவரை போய்விட்டது, எடுத்தால்தான் உயிர் என்றார்கள். என்ன நோய் என்று எந்தச் சீட்டிலும் எழுதித் தரவில்லை. உலகமே இந்த ஊரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற நோயை இந்த ஊரிலேயே ஒருத்தரும் அந்தப் பெயரால் கூப்பிடவில்லை.

நான் மருத்துவன் கிடையாது. பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். எதைக் கொடுத்தாலும் முதலில் வரைபடத்தில் எங்கே என்று தேடுகிற புத்தி. அதனால் அந்த ராத்திரியிலிருந்து நாலைந்து மாதம் இந்த ஒரு காலின் வரைபடத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

நோய் பழசு. சுசுருத சம்ஹிதை 'வல்மீகம்' என்று ஒன்றைச் சொல்கிறது. வல்மீகம் என்றால் புற்று. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புற்றுப்போல மெல்ல வளர்ந்து பல வாய் வைப்பது. மதுரை இதற்குள் நுழைவது 1842இல். கும்பினிக்காரர்கள் இங்கே நடத்திய மருந்தகத்தில் இருந்த கில் என்ற டாக்டர் இந்தக் காலைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். 1846இல் அதே மருந்தகத்திலிருந்து கோல்புரூக் என்பவர் எழுதும்போது 'மதுரா ஃபுட்' என்ற பெயரைப் போட்டார். பிளாக்பர்ன் கலெக்டராக இருந்து, கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து, மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் உண்டாக்கிய காலத்தை ஒட்டியது இது. அவர் நினைவாக இன்றும் விளக்குத்தூண் நிற்கிறது. அந்தச் சுவரை இடித்து மண் சுமந்தவர்களில் எத்தனை பேர் வெறுங்காலோடு கில்லின் மருந்தக வாசலில் நின்றார்களோ, அதை எழுதி வைத்தவர் யாருமில்லை.

அப்புறம் பம்பாயில் ஹென்றி வான்டைக் கார்ட்டர் வருகிறார். 1858இல் வெளியான கிரேயின் உடற்கூறு நூலுக்குப் படங்கள் வரைந்தவர் இவர்தான். எழுதிய கிரேயின் பெயரை உலகம் வைத்துக்கொண்டது, வரைந்தவரை மறந்துவிட்டது. அந்த மனிதர் பம்பாயில் உட்கார்ந்து வெட்டியெடுத்த கால்களைப் பிளந்து பார்த்து, உள்ளே மணிகள் இருப்பதையும், அவை கருப்பு, வெளிர் என்று இரண்டு வகையாக இருப்பதையும் கவனித்தார். இது பூஞ்சையின் வேலை என்று சொல்லி, 1860ஐ ஒட்டி 'மைசிட்டோமா' என்று பெயர் வைத்தார். பூஞ்சைக் கட்டி என்று பொருள். பாதிதான் சரி. ஏன் பாதி என்று கீழே வருகிறேன்.

இதற்குப் பிறகு மதுரை என்ற பெயர் கப்பலேறிவிட்டது. 1894இல் வின்சென்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், அல்ஜீரியாவில் ஒரு நோயாளியின் காலிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து அதற்கு 'மதுரே' என்று பெயரிட்டார். இன்று அது ஆக்டினோமதுரா மதுரே. ஒரே கிருமிக்கு ரெண்டு தடவை நம் ஊர்ப் பெயர்! 1905இல் புரும்ப்ட் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் கருப்பு மணி தருகிற பூஞ்சையின் பேரினத்துக்கு மதுரெல்லா என்று வைத்தார். ஆக, அல்ஜீரியாக்காரர் காலில் கிடைத்த கிருமிக்கும் மதுரைதான் பிறந்த ஊர் என்று பிறப்புச் சான்றிதழில் எழுதியாகிவிட்டது.

இப்போது வரைபடம். தெற்கே 15 டிகிரி முதல் வடக்கே 30 டிகிரி வரை உலகத்தைச் சுற்றி ஒரு பட்டை வரைந்து, மைசிட்டோமா பட்டை என்கிறார்கள். மெக்சிகோ, வெனிசுவேலா, செனகல், சூடான், சோமாலியா, ஏமன், இந்தியா. மதுரை 10 டிகிரியை ஒட்டி அதற்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. வகுப்பில் இப்படிப் பட்டை வரைந்து காட்டினால் பிள்ளைகள் உடனே நம்பிவிடுவார்கள், நானும் முதலில் நம்பினேன். ஆனால் பட்டைக்குள் நோய் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. ஊருக்கு ஊர் ஆளே மாறுகிறார்.

கார்ட்டர் பார்த்த இரண்டு நிற மணிகளுக்குப் பின்னால் இரண்டு வேறு உயிர்கள் இருக்கின்றன. ஒன்று நிஜமான பூஞ்சை. இன்னொன்று பூஞ்சைபோல இழையிழையாக வளர்கிற பாக்டீரியா. இரண்டும் மண்ணில் கிடக்கின்றன, இரண்டும் முள்ளோடு உள்ளே போகின்றன, இரண்டும் வெளியே பார்க்க ஒரே காலைத்தான் உண்டாக்குகின்றன. சூடானில் பத்தில் ஏழு பேருக்கு வருவது மதுரெல்லா பூஞ்சையால். மெக்சிகோவில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பாக்டீரியா வகை, அதிலும் பெரும்பாலும் நொகார்டியா. மேற்கு ஆப்பிரிக்காவில் சிவப்பு மணி தருகிற ஒரு பாக்டீரியாவும் அடிக்கடி தலைகாட்டும். இந்தியாவுக்குள்ளேயே கோடு பிரிகிறது. ராஜஸ்தானின் வறண்ட பக்கத்தில் பூஞ்சை வகை மிகுதி. தெற்கே வர வர பாக்டீரியாவின் கை ஓங்குகிறது. மதுரையின் பெயரைத் தாங்கிய பூஞ்சைக்கு மதுரையைவிட ஜோத்பூர் பக்கமும் சூடான் தலைநகர் கார்ட்டூமும்தான் சொந்த ஊர்போல.

மணியின் நிறத்தை நான் இவ்வளவு பேசக் காரணம் உண்டு. கருப்பு மணி என்றால் அது பூஞ்சை. அதற்கு இட்ராகோனசோல் மாதிரி மருந்தை ஒரு வருடம், அதற்கு மேலும் சாப்பிட வேண்டும், கூடவே அறுவை. அப்படியும் திரும்ப வரும், பலருக்குக் காலை எடுப்பதில் போய் முடியும். வெளிர் மணி பெரும்பாலும் பாக்டீரியா. வெள்ளை மணி தருகிற பூஞ்சைகளும் உண்டு, ஆய்வுக்கூடத்தில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பாக்டீரியாவாக இருந்தால் மாத்திரைக்கும் ஊசிக்கும் மடங்கும். கோட்ரைமாக்சசோல் என்று ஒன்று, கடையில் மலிவாகக் கிடைக்கிற சாதாரண மாத்திரை, அதுதான் அந்தச் சிகிச்சையின் முதுகெலும்பு. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், கூட ஊசியும் தேவைப்படும், ஆனால் பலருக்குக் கால் தப்பிவிடுகிறது. அந்த மாத்திரை 1960களின் கடைசியிலேயே உலகச் சந்தைக்கு வந்துவிட்டது.

சரி, சூடானுக்கும் நமக்கும் அப்படி என்ன பொருத்தம்? வருடத்தில் சில மாதம் மழை, மிச்ச நாள் வறட்சி. களிமண் வெடிக்கிற நிலம். ஆடு மாடு, அதன் சாணி. சுற்றிலும் முள். சூடான் கிராமங்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் முள்ளை வெட்டி வட்டமாக அடுக்கிப் பட்டி போடுவார்கள், அதற்கு ஜரீபா என்று பேர். அந்தப் படத்தை என் வகுப்பில் காட்டினால் பாதிப் பிள்ளைகள் பேரையூர்ப் பக்கம் என்பார்கள். மதுரெல்லாவின் நெருங்கிய சொந்தங்கள் சாணத்தில் வாழ்கிற பூஞ்சைகள் என்பதால், நோயின் வேர் மாட்டுப் பட்டியில் இருக்கலாம் என்று ஒரு கருத்தும் ஆராய்ச்சியாளர்களிடம் உண்டு. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் சூடானின் 74 மண் மாதிரிகளைச் சோதித்தார்கள். 17இல் இந்தப் பூஞ்சையின் மரபுப்பொருள் கிடைத்தது. 22 முட்களைச் சோதித்ததில் ஒரே ஒரு முள்ளில் இருந்தது. உயிரோடு வளர்த்தெடுக்க மட்டும் முடியவில்லை.

அந்த ஒரு முள்ளைத்தான் நான் விடாமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கண்மாய்க்குள் நிற்கிற நாட்டுக் கருவேலத்தின் அறிவியல் பெயரைத் தேடிப் பார்த்தேன். வாசெல்லியா நிலோட்டிகா. நிலோட்டிகா என்றால் நைல் நதியைச் சேர்ந்தது. சூடானில் நைல் கரையோரம் காடு காடாக நிற்பதும் இதே மரம்தான், அங்கே சுந்த் என்கிறார்கள். நைலின் பெயர் வைத்த மரம் மதுரைக் கண்மாயில் நிற்கிறது. மதுரையின் பெயர் வைத்த பூஞ்சை நைல் கரையில் காலைத் தின்கிறது. பேர் வைத்தவர்கள் எங்கேயோ சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். (சீமைக்கருவேலம் வேறு, மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. அதை வெட்டச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது எங்கள் ஊரில் நாலு நாள் ஜேசிபி ஓடியது. அதோடு சரி.)

மண்ணும் முள்ளும் இருந்தால் மட்டும் வரைபடத்தில் புள்ளி விழுந்துவிடாது. யாராவது உட்கார்ந்து எண்ண வேண்டும். 1956இல் அபட் என்பவர் சூடான் மருத்துவமனைகளில் இரண்டரை வருடத்தில் 1,231 நோயாளிகள் என்று கணக்கு வெளியிட்டார். சூடான் பெரிய புள்ளி ஆனது அப்போதுதான். 1991இல் கார்ட்டூமில் இந்த ஒரு நோய்க்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அடுத்த இருபத்துச் சொச்சம் வருடத்தில் ஏழாயிரத்தை நெருங்கிய நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். 1876 முதல் 2019 வரை உலகம் முழுக்க அச்சில் பதிவானதைக் கூட்டிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது 19,494 பேர், 102 நாடுகளில். நூற்று நாற்பது வருடத்துக்கு இது ஒரு எண்ணா? பெரும்பாலான நாடுகளில் கணக்கெடுப்பே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2016இல்தான். அந்தப் பத்தொன்பதாயிரத்தில் என் தாத்தா இல்லை என்று சத்தியம் செய்வேன். பெயரே எழுதாத நோயை யார் எண்ணியிருப்பார்கள்?

மதுரையும் அப்படித்தான் நோயின் தலைநகர் ஆகியிருக்கிறது. 1842இல் மதுரையில் ஒருவர் குனிந்து பார்த்தார், எழுதினார். அதே வருடம் ராஜஸ்தானின் பிகானீரில் ஒருவர் எழுதியிருந்தால் என் அக்கா மகன் எனக்குப் போனே செய்திருக்க மாட்டான்.

கார்ட்டூம் மையத்தின் கதி தனி. அங்கே வாரம் ஒரு தடவை மட்டும் சாப்பிடுகிற ஃபோஸ்ராவுகோனசோல் என்ற மாத்திரையை 104 பேரிடம் சோதித்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய மருந்தை அது மிஞ்சவில்லை, ஆனால் கிட்டத்தட்ட அதே தூரம் போனது. தினமும் சாப்பிட வேண்டியதை வாரம் ஒரு முறையாக்குவது, மருந்து வாங்க ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறுகிறவருக்குச் சின்ன விஷயம் இல்லை. அதற்குள் 2023இல் உள்நாட்டுப் போர். மையம் சிதைந்தது. பல பத்து வருடமாகச் சேர்த்த மாதிரிகளும் பதிவுகளும் போயின. உலகத்திலேயே அதிகமாக எண்ணிய இடம் எண்ணுவதை நிறுத்திக்கொண்டது. இனி வரைபடத்தில் சூடான் வெளிறினால், அங்கே நோய் குறைந்துவிட்டது என்று நம் வகுப்பில் யாராவது சொல்லித் தருவார்கள்.

இதெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் மதுரை மண்ணின் உண்மையான பூஞ்சைத் தொல்லை வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. காலில் இல்லை, கண்ணில். நெல் தூற்றும்போது உமி அடிக்கும், கரும்புத் தோகை கீறும், மாட்டு வால் விசிறும். கருவிழியில் புண் வரும். 1994இன் முதல் மூன்று மாதத்தில் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கண்ணில் அடிபட்ட பிறகு வந்தது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதி பூஞ்சை, அந்தப் பூஞ்சையில் ஏறக்குறைய பாதி ஃபியூசேரியம். சோழவந்தான் பக்கம் வாழையை வாட வைக்கிற பூஞ்சைக்கு ஒன்றுவிட்ட உறவு. குளிர் நாடுகளில் கருவிழிப் புண் என்றால் பெரும்பாலும் பாக்டீரியாதான். மதுரை மாவட்டத்தில் வருடத்துக்கு லட்சம் பேரில் 113 பேருக்கு இந்தப் புண் வருவதாக 1996இல் ஒரு கணக்கு வந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டாவின் ஒரு பகுதியில் அதே கணக்கு 11. பத்து மடங்கு! இதற்கு யாரும் மதுரைக்கண் என்று பெயர் வைக்கவில்லை. இங்கே கண் மருத்துவம் வளர்ந்ததால் எண்ணினார்கள், வைத்தியமும் பார்த்தார்கள். எங்கள் ஊரிலேயே அறுப்பு நாளில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பஸ் ஏறியவர்கள் பலர். பெரும்பாலும் இரண்டு கண்ணோடு திரும்பி வந்தார்கள்.

கால் மட்டும் ஆளில்லாத அநாதை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பத்தாவுக்குத் தொண்ணூறை நெருங்குகிறது. காது மந்தம், ஞாபகம் மட்டும் வெட்டரிவாள். தாத்தாவின் காலிலிருந்து என்ன வரும், எப்படி இருக்கும் என்று கேட்டேன். நல்ல நாளும் அதுவுமாக இதென்ன கேள்வி என்று அம்மா என்னை முறைத்தாள். அப்பத்தாவுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தக் காலை ஆறு வருடம் வேப்பிலைத் தண்ணீரில் கழுவித் துணி சுற்றியவள் அவள்.

"மணி மணியா வரும்டா. துணியில ஒட்டிக்கிட்டு நிக்கும்."

"என்ன நிறம் அப்பத்தா? கருப்பா, எள்ளு மாதிரியா?"

"எள்ளா? இல்லையே."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, நான் படித்துக்கொண்டிருந்த பேப்பர்மேல் ஒரு சிட்டிகை போட்டாள். வெள்ளை ரவை.

"இதேதான். இதவிடக் கொஞ்சம் பெருசு."

"கருப்பா ஒண்ணுகூட இல்லையா?"

"எத்தன தடவடா சொல்றது. என் கையால தொடச்சு எடுத்தது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. பேப்பரை இரண்டாக மடித்து எடுத்துக்கொண்டுபோய், ரவையை வாசல் படிக்குக் கீழே எறும்புக்குத் தட்டிவிட்டு வந்தாள்.